டைல்ஸ் போட்ட சமையல் மேடை: ஏழு வருடம் புழங்கிய பிறகு

எங்கள் திருச்சி வீட்டுச் சமையல் மேடைக்கு 2018இல் டைல்ஸ் போட்டோம். அதற்கு முன் இருந்தது கடப்பா கல். உறுதியில் குறையில்லை, ஆனால் எண்ணெய் குடித்துக் குடித்துத் திட்டுத்திட்டாகி, எவ்வளவு தேய்த்தாலும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. கல்லை உடைத்துவிட்டு கிரானைட் போடலாம் என்றால் அடியில் உள்ள அலமாரிகளையும் கழற்ற வேண்டும். சரி, கல் அப்படியே இருக்கட்டும், மேலே டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று இறங்கினோம்.

மேடை 9 அடி நீளம், 2 அடி அகலம். ஒரு அடிச் சதுர டைல்ஸ் 18 போதும், 22 வாங்கி வைத்தோம். அதிகச் சூட்டில் சுட்டுக் கண்ணாடி போல இறுகிய விட்ரிஃபைட் வகைதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அது தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. சுவருக்கு ஒட்டும் செராமிக் வகை 10 சதவீதத்துக்கும் மேல் குடிக்கும், விலை குறைவு என்று அதை மேடைக்கு வாங்கிவிடாதீர்கள். முன் விளிம்புக்கு மட்டும் ஓரத்தை அரைவட்டமாக உருட்டிய கிரானைட் பட்டை. டைல்ஸையே சாய்வாக வெட்டி மூலை சேர்த்திருந்தால் பாத்திரம் இடித்து இடித்து எப்போதோ சில்லு பெயர்ந்திருக்கும். பட்டை இன்றுவரை அப்படியே இருக்கிறது.

டைல்ஸின் முகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. கறை ஒட்டவில்லை, நிறம் மங்கவில்லை. பட்ட பாடெல்லாம் டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான்.

வேலை செய்த மேஸ்திரி, ஒரே அளவு இடைவெளி விடுவதற்காக டைல்ஸ்களுக்கு நடுவே செருகும் சின்னத் துண்டான ஸ்பேசர் வைக்கவில்லை. "ஒட்டி வச்சாத்தான் தம்பி அழகு" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மயிரிழை இடைவெளியில் ஒயிட் சிமெண்டைக் கரைத்துத் தேய்த்துவிட்டார். மூன்றே மாதத்தில் அடுப்புப் பக்கத்துக் கோடுகள் மஞ்சளாகிவிட்டன. ஜன்னல் ஓரத்துக் கோடுகளிலும் அதே மஞ்சள்தூள்தான் சிந்துகிறது, ஆனால் அங்கே காலை வெயில் விழுவதால் கறை தானாக வெளுத்துவிடும். அடுப்படிக்கு வெயில் எட்டாது. பழைய பல் துலக்கியில் சமையல் சோடா தொட்டுத் தேய்த்தால் கொஞ்சம் போகும், முழுதாகப் போகாது. எலுமிச்சைச் சாறு ஊற்றித் தேய்க்கச் சிலர் சொன்னார்கள். அதைச் செய்யாதீர்கள், புளிப்பு சிமெண்டையே அரித்துவிடும். எங்கள் வீட்டில் புளி கரைக்கும் இடத்தில் கோடு பள்ளமாகவே போய்விட்டது.

2020இல் அம்மா சின்ன இரும்பு உரலில் இஞ்சி தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு டைல்ஸ் குறுக்கே விரிசல் விட்டது. பக்கத்து டைல்ஸை நாணயத்தால் தட்டினேன், பொள்ளென்று சத்தம் வந்தது. பெயர்த்துப் பார்த்தபோது அடிப்பக்கம் சாந்து முழுதாக டைல்ஸோடு வந்தது, கடப்பா கல் வழுவழுவென்று சுத்தமாக இருந்தது. வழவழப்பான கல்லைக் கொத்திச் சொரசொரப்பாக்காமல் மேலே சாந்து போட்டிருக்கிறார்கள், பிடிப்பு எப்படி வரும்? அந்த இரண்டு இடத்தையும் கொத்திவிட்டு, டைல்ஸ் பசையால் புது டைல்ஸ் ஒட்டினோம். மிச்சம் வைத்திருந்த நான்கில் இரண்டு அதற்குப் போனது. அந்த நிறம் கடையில் அப்போது கிடைக்கவே இல்லை.

அதே கையோடு எல்லா இடுக்கையும் சின்ன கட்டிங் மெஷினால் 3 மில்லிமீட்டராக அகலப்படுத்தி, சிமெண்டுக்குப் பதில் எபாக்ஸி என்ற பிசின் கலவையை அடைத்தோம். வீடெல்லாம் தூசி, இரண்டு நாள் ஹாலில் சமையல். எபாக்ஸியைக் கலந்தால் சட்டென்று இறுகத் தொடங்கிவிடும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும், அடைத்த கையோடு ஈரப் பஞ்சால் டைல்ஸ் மேல் படிந்ததைத் துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அந்தப் படலத்தை எடுப்பது பெரும்பாடு. முதல் நாளே 3 மில்லி ஸ்பேசர் வைத்திருந்தால் இந்த இரண்டாம் செலவே இல்லை. மேஸ்திரி என்ன சொன்னாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதன் பிறகு மஞ்சளும் இல்லை, அரிப்பும் இல்லை. ஆனால் எபாக்ஸிக்குச் சூடு ஆகாது. குக்கரையும் தோசைக்கல்லையும் பிரிமணை மேல்தான் வைக்கிறோம். சப்பாத்தியை மேடையிலேயே தேய்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கோடுகள் இடைஞ்சல்தான், மாவு போய் அடைந்துகொள்ளும். எங்கள் வீட்டில் பலகை வைத்துக்கொண்டோம்.

சிங்க் ஓரத்து இடுக்கை அடைக்கும் சிலிகான் பசை மட்டும் ஓயாத வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கறுத்துப்போகிறது, பிளேடால் உரித்து, ஒரு ராத்திரி நன்றாகக் காயவிட்டு, புதிதாகப் போடுகிறேன். இந்த முறைக்கான ட்யூப் வாங்கி அலமாரியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போட வேண்டும்.