அலிகாந்தே டிராம்: கார் எடுக்காம ஒரு கடலோர ஊரைச் சுத்தறது

ஸ்பெயின்ல அலிகாந்தே போறோம், கார் வாடகைக்கு எடுக்கணுமான்னு கேக்கறவங்க எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான், எடுக்காதீங்க. மூணரை லட்சம் பேர் கிட்ட இருக்கற ஊர், மெடிட்டரேனியன் கடலோரத்துல கைக்கு அடக்கமா இருக்கு, நடுவுல ஒரு மலை, மலை மேல கோட்டை, கீழ பீச். இந்த ஊருக்கு டிராம்னு ஒரு பெரிய சொத்து இருக்கு. அதைப் பத்திதான் இந்த ரிவ்யூ, கூடவே ஏர்போர்ட் பஸ், கோட்டை லிஃப்ட், படகு, ரயில்னு வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்கு தேவைப்படற மத்ததையும் சொல்லிடறேன். டிராமுக்கு மார்க் போடச் சொன்னா 5க்கு 4 கண்ணை மூடிட்டு குடுப்பேன், மீதி ஒண்ணு ஏன் போச்சுன்னு பின்னாடி வருது.

முதல்ல ஒண்ணு மனசுல வாங்கிக்கோங்க. ஊருக்குள்ள நடராஜா சர்வீஸ்தான், டிராம் கடற்கரையோரமா வெளிய போறதுக்கு. இது புரியாம நிறைய பேர் ரெண்டு தெரு தள்ளி இருக்கற இடத்துக்கு எந்த டிராம், எந்த ஸ்டாப்புன்னு மேப்பை வெச்சுக்கிட்டு மண்டையைப் பிச்சுக்கறாங்க. லுசெரோஸ் சதுக்கத்துல குதிரைங்க நிக்கற அந்த நீரூற்றுலேர்ந்து கடல் பக்கம் எஸ்ப்ளனாடா வரைக்கும் நிதானமா நடந்தா கால் மணி நேரம் கூட ஆகாது, வழி பூரா கிட்டத்தட்ட சமதளம். எஸ்ப்ளனாடாங்கறது துறைமுகத்தை ஒட்டி பனை வகை மரங்க வரிசையா நிக்கற நடைபாதை, தரையில சிவப்பு, க்ரீம், கறுப்புன்னு 60 லட்சத்துக்கும் மேல சின்னச் சின்ன மார்பிள் துண்டுங்களை பதிச்சு அலை மாதிரி போட்டிருக்காங்க, குனிஞ்சு பார்த்துக்கிட்டே நடந்தா தரையே அசையற மாதிரி தெரியும். சாயங்காலம் ஊரே அங்கதான் இருக்கும். வண்டியில போனா இதெல்லாம் எங்க கிடைக்கும்.

ஏர்போர்ட்லேர்ந்து ஆரம்பிக்கலாம். ஏர்போர்ட் ஊருக்கு தென்மேற்குல சுமார் 9 கிலோமீட்டர், ஸ்பெயின்ல ரொம்ப பிஸியான ஏர்போர்ட்டுகள்ல ஒண்ணு, ஆனா ரயில் ஸ்டேஷன் கிடையாது, டிராமும் அங்க போகாது. இவ்ளோ டூரிஸ்ட் வர்ற ஊருக்கு இது பெரிய குறைன்னு அடிச்சுச் சொல்வேன். இருக்கறது சி-6 பஸ். அரைவல் வழியா வெளிய வந்ததும் பஸ்ஸைத் தேடாதீங்க, ஸ்டாப் மேல டிபார்ச்சர் மாடியில இருக்கு, பெட்டியைத் தூக்கிக்கிட்டு லிஃப்ட்ல மேல போயிடுங்க. பகல்ல 20 நிமிஷத்துக்கு ஒரு பஸ், 5 யூரோவுக்குள்ள முடிஞ்சிடும், ரயில்வே ஸ்டேஷன் பக்கம், லுசெரோஸ், மார்க்கெட் பக்கம்னு ஊர் நடுவுல எல்லா முக்கியமான இடத்துலயும் இறக்கிவிட்டுடுவாங்க. டாக்ஸின்னா 20 யூரோவுக்கு மேல ஆகும், நாலு பேரும் நாலு பெட்டியும் இருந்தா அது சரி, ஒருத்தர் ரெண்டு பேருக்கு பஸ்ஸே போதும்.

டிராமுக்கு வர்றேன். லுசெரோஸ்ல தரைக்கு அடியில ஸ்டேஷன், 2010ல திறந்தது. அடுத்த ஸ்டேஷன் மெர்காடோ, அதுவும் கீழதான், அதுக்கப்புறம் வெளிச்சத்துக்கு வந்துடும். லைன் 2 உள்பக்கமா யூனிவர்சிட்டி, சான் விசென்டே பக்கம் போகுது, அது பெரும்பாலும் ஸ்டூடன்ட்ஸ் லைன், வெளியூர்க்காரங்களுக்கு வேலை கம்மி. லைன் 3 எல் காம்பெயோ வரைக்கும், லைன் 4 சான் ஹுவான் பீச்சுக்கு, லைன் 5 போஸ்டிகெட் பீச் ஓரத்துல புவெர்டா டெல் மார்லேர்ந்து கிளம்பி அதே சான் ஹுவானுக்கு. லைன் 1தான் ராஜா, பெனிடார்ம் வரைக்கும் போகுது. அங்க மாறினா லைன் 9 டெனியா வரைக்கும் கூட்டிட்டுப் போகும். ஸ்டாப் பேர் சில இடத்துல வலென்சியன்ங்கற அந்தப் பக்கத்து மொழியில எழுதியிருக்கும், மெர்காட்னு போட்டிருந்தா மெர்காடோதான், அலாகாந்த்னு போட்டிருந்தா அலிகாந்தேதான், பயப்படாதீங்க.

டிக்கெட் விஷயத்துல கவனமா இருங்க. ஸ்டாப்லயே மெஷின் இருக்கு, எந்த இடத்துக்குப் போறீங்களோ அந்த ஜோனுக்கு தகுந்த காசு, ஊருக்குள்ள ஒரு ரேட், பெனிடார்ம் போகணும்னா அதைவிட அதிகம். நிறைய ஸ்டாப்ல தடுப்பு கேட்டே கிடையாது, நேரா நடந்து ஏறிடலாம் போல இருக்கும், அதுக்காக டிக்கெட்டை பாக்கெட்ல வெச்சுக்கிட்டு அப்படியே ஏறிடக்கூடாது, பிளாட்பாரத்துல இருக்கற சின்ன மெஷின்ல காட்டி பதிவு பண்ணிட்டு ஏறணும். செக்கர் வந்தா கையில டிக்கெட் இருக்குன்னு சொல்றது மட்டும் செல்லாது. கதவு தானா திறக்கும்னும் நிக்காதீங்க, கதவுல பட்டன் இருக்கும், அமுக்கினாதான் திறக்கும். வெளிய ஒருத்தர் பையும் கையுமா கதவையே பார்த்துக்கிட்டு நிக்கறதும் உள்ள இருக்கறவர் எட்டி பட்டனை அமுக்கி விடறதும் அங்க தினம் நடக்கறது.

சான் ஹுவான் பீச் சுமார் 3 கிலோமீட்டர் நீளம், மணல் நல்லா அகலமா இருக்கும். போஸ்டிகெட் ஊருக்குள்ளயே இருக்கறதால ஆகஸ்ட்ல கால் வைக்க இடம் இருக்காது, அப்போ லைன் 4 பிடிச்சு சான் ஹுவான் போயிடுங்க, குழந்தைங்களோட போறவங்களுக்கு இதை அடிச்சுக்க முடியாது, டிராம்லேர்ந்து இறங்கினா நடக்கற தூரத்துல கடல்.

இப்போ லைன் 1. இது நேத்து வந்த டிராம் இல்ல, 1914-15ல அலிகாந்தேக்கும் டெனியாவுக்கும் நடுவுல போட்ட மீட்டர் கேஜ் ரயில் பாதை, அந்தப் பாதையிலதான் இன்னிக்கும் ஓடுது. அதனாலதான் அது ஹைவே மாதிரி நேரா போகாம மலையையும் கடலையும் ஒட்டி வளைஞ்சு வளைஞ்சு போகுது, அந்த வளைவுதான் அதோட அழகே. வடக்க போகும்போது வலது பக்க ஜன்னல்ல உக்காருங்க, இது ரொம்ப முக்கியம். எல் காம்பெயோ தாண்டினதும் கடல் கிட்ட வரும், சில இடத்துல ஜன்னலுக்கு வெளிய ஒரு காய்ஞ்ச சரிவு, அதுக்குக் கீழ நேரா தண்ணி, அவ்ளோதான். காலையில போனா வெயில் தண்ணி மேல அடிச்சு பெட்டிக்குள்ள மேல்கூரையில அலை அலையா வெளிச்சம் ஓடும், போனைப் பார்த்துக்கிட்டு இருந்தவங்க கூட தலையைத் தூக்கிப் பார்ப்பாங்க. வழியில வில்லாஹொயோசா இறங்குங்க, கடலைப் பார்த்து வரிசையா கலர் கலரா வீடுங்க, சாக்லேட்டுக்கு பேர் போன ஊர் வேற. பெனிடார்ம் எனக்கு அவ்வளவா பிடிக்கல, பெரிய பெரிய டவர்ஸ், கூட்டம், ஆனா பீச் நல்லாதான் இருக்கு, பொழுது போகணும்னா போங்க.

எனக்கு நிஜமாவே மனசு நிறைஞ்சது லைன் 9லதான். ஆல்டேயா தாண்டி மஸ்காராட் பள்ளத்தாக்கு வரும், செங்குத்தான பாறை, குகைப்பாதை, பாலம், திரும்ப குகைப்பாதைன்னு கொஞ்ச நேரத்துல எல்லாம் வந்துட்டுப் போயிடும், வெளிய வந்ததும் கால்பே பக்கம் இஃபாக் பாறை 332 மீட்டர் உயரத்துக்கு கடல்லேர்ந்து நேரா எழும்பி நிக்கும். இந்த லைன்ல சில ஸ்டாப்ல நாம கேட்டாதான் வண்டி நிக்கும். எனக்கு முன் சீட்ல ஒரு பாட்டி, மடியில துணிப்பை, ஸ்டாப் வர்றதுக்கு நல்ல முன்னாடியே எழுந்து கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பட்டனை அமுக்கினாங்க, டிரெயின் வேகம் குறைஞ்சது, அவங்க ஒருத்தர் மட்டும் இறங்கினாங்க, ஷெட் கூட சரியா இல்லாத ஒரு பிளாட்பாரம், சுத்தி தோட்டம். ஒருத்தருக்காக நிக்கற வண்டி. நீங்களும் சின்ன ஸ்டாப்ல இறங்கணும்னா பட்டனை மறக்காதீங்க, வெளிய நின்னு ஏறணும்னா டிரைவர் கண்ல படற மாதிரி நில்லுங்க. கால்பேக்கும் டெனியாவுக்கும் நடுவுல இந்தப் பாதை பல வருஷம் வேலைக்காக மூடிக் கிடந்தது, 2023 ஜனவரியிலதான் டெனியா வரைக்கும் திரும்ப ஓட ஆரம்பிச்சுது, அந்த ஊர்க்காரங்க எவ்ளோ காத்திருந்திருப்பாங்க.

குறைச்ச அந்த ஒரு மார்க்குக்கு வர்றேன். ஏர்போர்ட்டுக்குப் போகாதது ஒண்ணு. ரெண்டாவது, வேகம். அலிகாந்தே டு பெனிடார்ம் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அங்க வண்டி மாறி டெனியா வரைக்கும் போனா எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 3 மணி நேரம், தூரம் 90 கிலோமீட்டர் சொச்சம்தான். ஹைவேல பஸ் இதைவிட சீக்கிரம் போயிடும். பாதை நிறைய இடத்துல ஒத்தை லைன், எதிர் வண்டி வர்ற வரைக்கும் ஸ்டேஷன்ல நின்னாகணும். அவசர வேலையா போறவங்களுக்கு இது சரிப்படாது, வேடிக்கை பார்க்கப் போறவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. டெனியா போய் அன்னிக்கே திரும்பறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே திரும்பற வண்டி நேரத்தையும், பெனிடார்ம்ல மாறற நேரத்தையும் பார்த்து வெச்சுக்கோங்க. ராத்திரி சாப்பாடே 9 மணிக்கு மேலதான் ஆரம்பிக்கற நாடு, சாப்பிட்டு எழுந்திருக்கறதுக்குள்ள கடைசி வண்டி போயிருக்கும்.

கோட்டைக்கு எப்படி ஏறறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. சாண்டா பார்பரா கோட்டை, பெனகாண்டில் மலை மேல, உயரம் 166 மீட்டர். 1248 டிசம்பர் 4ல, சாண்டா பார்பரா திருநாள் அன்னிக்கு, காஸ்டில் ராஜ்ஜியத்தோட படை பிடிச்சதால இந்தப் பேர். போஸ்டிகெட் பீச் எதிர்ல ரோட்டைத் தாண்டினா மலைக்குள்ள ஒரு நீளமான சுரங்கப்பாதை, 200 மீட்டர் போல இருக்கும், வெளிய வெயில் கொளுத்தும்போது உள்ள போனா உடம்பே குளுந்துடும், அதோட முடிவுல லிஃப்ட், பாறைக்குள்ளயே நேரா மேல. கோட்டைக்கு டிக்கெட் இல்ல, லிஃப்டுக்கு மட்டும் 3 யூரோவுக்குள்ள, 65 வயசு தாண்டினவங்களுக்கு இலவசம். என் யோசனை, லிஃப்ட்ல மேல போயிட்டு இறங்கும்போது சாண்டா க்ரூஸ்ங்கற பழைய குடியிருப்பு வழியா நடந்து வாங்க. வெள்ளைச் சுவர், நீலக் கதவு, படிக்கட்டு ஓரம் பூந்தொட்டின்னு சந்து சந்தா இறங்கும், மனுஷங்க குடியிருக்கற இடம், சத்தம் போடாம நடங்க. முட்டி வலி இருக்கறவங்க மட்டும் திரும்பவும் லிஃப்ட்லயே இறங்கிடுங்க, படிங்க செங்குத்து.

மெர்காடோ ஸ்டேஷன்ல இறங்கினா மத்திய மார்க்கெட் பக்கத்துலயே, காலையில போங்க, ஞாயித்துக்கிழமை மூடியிருக்கும். மார்க்கெட் பின்னாடி சதுக்கத்துக்கு மே 25னு பேர், உள்நாட்டுப் போர் சமயத்துல 1938ல அந்த நாள்ல இத்தாலி விமானங்க குண்டு போட்டு 300 பேருக்கு மேல செத்த இடம். பூக்கடையும் காபிக்கடையுமா இருக்கு இப்போ, ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போங்க.

ஜூன் 20லேர்ந்து 24 வரைக்கும் போறவங்க கவனிக்க, ஓகெராஸ் திருவிழா. தெருவுக்குத் தெரு பெரிய பெரிய பொம்மைக் கோபுரம் வெச்சு 24 நள்ளிரவு எரிப்பாங்க, பல ரோடு மூடிடுவாங்க, பஸ் ரூட் எல்லாம் மாறிடும், அந்த நாட்கள்ல மதியம் 2 மணிக்கு லுசெரோஸ்ல வெடி வெடிப்பாங்க, நெஞ்சுக்குள்ள அதிரும். அந்த நேரத்துல லுசெரோஸ்ல டிராம் பிடிக்கலாம்னு நினைக்காதீங்க, கூட்டத்துல நகர முடியாது. கார் வெச்சிருக்கறவங்க பாடு சொல்லவே வேணாம். சும்மாவே ஊர் நடுவுல பார்க்கிங் கிடைக்காது, வாடகைக் கார் கவுன்டர்ல இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆகணும்னு நெருக்கினதை ஒரு தடவை நேர்ல பார்த்ததுலேர்ந்து எனக்கு அந்தப் பக்கமே போகப் பிடிக்கல.

தபார்கா தீவுக்கு துறைமுகத்துலேர்ந்தே படகு இருக்கு, ஒரு மணி நேரம் போல ஆகும், சாண்டா போலாலேர்ந்து ஏறினா பாதிக்கும் கம்மி. 1986லயே ஸ்பெயினோட முதல் கடல் காப்பகமா அறிவிச்ச இடம், தண்ணி கண்ணாடி. காத்து அடிச்சா படகு ஓடாது, அதனால கடைசி நாளுக்கு வெச்சுக்காதீங்க.

எல்சே போகணும்னா டிராம் கிடையாது, பெரிய ரயில்வே ஸ்டேஷன் போய் முர்சியா போற லோக்கல் ரயில் பிடிங்க, அரை மணி நேரம் போல. டிராம் டிக்கெட் அதுல செல்லாது, கம்பெனியே வேற. யுனெஸ்கோ 2000ல பட்டியல்ல சேர்த்த பேரீச்சந்தோப்பு அங்க ஊர் நடுவுலயே இருக்கு, எல்சே பார்க் ஸ்டேஷன்ல இறங்கினா பக்கம், நிழலா இருக்கும், மதிய வெயில்ல போறதுக்கு ஏத்த இடம். அதே பெரிய ஸ்டேஷன்லேர்ந்துதான் மாட்ரிட்டுக்கு அதிவேக ரயிலும், ரெண்டரை மணி நேரத்துல கொண்டு விட்டுடும், 2013லேர்ந்து ஓடுது. டிக்கெட்ல மாட்ரிட்ல எந்த ஸ்டேஷன், அட்டோச்சாவா சாமர்தினான்னு ஒரு தடவை பார்த்துக்கோங்க, 2022லேர்ந்து இந்தப் பக்க ரயிலுங்க சாமர்தினுக்குதான் போகுது, பழைய பயணக் குறிப்புங்கள்ல எல்லாம் அட்டோச்சான்னு போட்டிருக்கும், அதை நம்பி அந்தப் பக்கம் ரூம் போட்டா மாட்ரிட்ல இறங்கினதுக்கு அப்புறம் இன்னொரு மெட்ரோ பயணம் காத்துக்கிட்டு இருக்கும்.