கைநூற்ற மிச்ச நூல் பொட்டலம்: வாங்கலாம், வேக வைத்துப் பின்னுங்கள்

ராமநாதபுரத்தில் நான் போகும் கதர்க் கடையில், தறிக்குப் போகாமல் மிஞ்சிய கைநூற்ற நூலைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். கால் கிலோ 150 ரூபாய். ராட்டையில் அறுந்த துண்டு, சிட்டத்தின் (அளந்து சுற்றிக் கட்டிய நூல் கட்டின்) வால், கணக்கில் சேராத அரைச் சிட்டம் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். கதர்க் கணக்கில் முழுச் சிட்டம் என்றால் 1000 மீட்டர். அப்படி முழுசாக ஒன்றையும் இதில் எதிர்பார்க்க முடியாது. ஆனால் சின்னச் சின்னப் பின்னல் வேலைக்கு இதைவிட நல்ல நூல் எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. இங்கே அடிக்கும் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் கம்பளியையும் அக்ரிலிக்கையும் கையில் பிடிக்கவே முடியாது. வியர்வையில் ஊசியோடு ஒட்டிக்கொள்ளும்.

கருங்கண்ணிப் பஞ்சு என்று கடையில் சொன்னார்கள். தென்மாவட்டக் கரிசலில் காலங்காலமாக விளையும் நாட்டுப் பருத்தி, இழை குட்டை. மில் நூலின் வழவழப்பு இதில் வராது. ஒரு இடத்தில் தடித்து, ஒரு இடத்தில் மெலிந்து, லேசாகப் பஞ்சு பறந்துகொண்டு இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கிறது. நூற்றவரின் கை எங்கே தளர்ந்தது, எங்கே இறுகியது என்று விரலால் தடவியே சொல்லிவிடலாம்.

வாங்கி வந்ததும் அப்படியே பின்ன உட்காராதீர்கள். ஒரு இழையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். பருத்தியின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கிறது, அது தண்ணீரை உள்ளே விடாது. நூலைத் தளர்வாகச் சுற்றி நாலு இடத்தில் கட்டி, சலவைச் சோடா ஒரு கரண்டி போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க விடுவேன். தண்ணீர் டீக் கலருக்கு வந்துவிடும். அலசின பிறகு அதே இழையைப் போட்டால் உடனே மூழ்கும். இதற்கு நல்ல தண்ணிதான் வேண்டும். எங்கள் வீட்டு அடிகுழாய் உப்புத் தண்ணியில் கொதிக்க வைத்தால் நூல் முரமுரவென்று ஆகிவிடுகிறது. குடம் விலை கொடுத்து வாங்கும் ஊரில் இதற்கென்று ஒரு குடம் ஒதுக்குவது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனாலும் ஒதுக்குகிறேன்.

கொதித்த நூலை ஈரத்தோடு கொடியில் மாட்டி, அடியில் ஒரு சின்னச் செம்பைத் தொங்கவிட்டுக் காயவைத்தால் முறுக்கு ஓரளவுக்கு அடங்கும். ஒற்றை இழையின் முறுக்கு அடங்காமல் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும், சதுரம் என்று தொடங்கியது சாய்சதுரமாக முடியும். அதனால் நாலு இழையைச் சேர்த்துத் தக்கிளியில் (கையால் சுழற்றி நூற்கும் கதிரில்) எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்கிறேன். அம்மா ஆதாரப் பள்ளியில் (கைத்தொழிலோடு பாடம் சொல்லித்தரும் காந்தி வழிப் பள்ளியில்) படித்த காலத்துத் தக்கிளி அது. தக்கிளி இல்லாதவர்கள் நாலு இழையையும் சேர்த்துப் பிடித்தே பின்னலாம். எல்லா வரிசையையும் நேர்க் கண்ணியாக (சாதாரணப் பின்னல் வளையமாக) போட்டால் சாய்வு பெரிதாகத் தெரியாது.

இந்த நூலில் நான் செய்ததில் உருப்படியானது, கடல்பாசி எடுக்கும் பெண்களுக்கான விரல் உறை. மரிக்கொழுந்துப் பாசி கடலடிப் பாரில் (பாறைத் திட்டில்) ஒட்டிப் பிடித்திருக்கும். மூச்சடக்கி முங்கி, விரலால்தான் பிய்த்து எடுக்க வேண்டும். பாறையும் சிப்பியும் விரல் நுனியைக் கிழிக்காமல் இருக்க, பழைய சேலைத் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுச் சித்தி அப்படித்தான் போய்க்கொண்டிருந்தார். 3 மில்லிமீட்டர் ஊசியில் 16 கண்ணி ஏற்றி, ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்குப் பின்னி, நுனியைச் சுருக்கி, ஓரத்தை வெளிப்பக்கம் வரும்படி தைத்தேன். ஓரம் உள்ளே வந்தால் ஊறிய தோலை அரைத்துவிடும். அடியில் கட்டிக்கொள்ள ஒரு கயிறு. பருத்திக்கு ரப்பர் போல இழுத்துச் சுருங்கும் குணம் கிடையாது, கயிறு இல்லாவிட்டால் முதல் முங்கிலேயே கழன்று போகும்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் மாட்டிக்கொண்டு போய்வந்த சித்தி சொன்னது: "துணி நழுவிரும், மேல வந்து மேல வந்து கட்டணும். இது அப்படியே நிக்கிது தாயி. நடுவிரலுக்கும் ஒண்ணு போட்டுக் குடு." பருத்தி நனைந்தால் வலு கூடும் நூல், ரேயான் மாதிரி நனைந்ததும் சோர்ந்து போகாது. கடல் வேலைக்கு அது பொருந்திவிட்டது. பாறையில் உரசி நுனிக் கண்ணிகள் சீக்கிரம் தேயத்தான் செய்கின்றன. இப்போது நுனியில் மட்டும் எட்டு இழையாகப் போடுகிறேன். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணியில் அலசிக் காயப்போட வேண்டும், இல்லாவிட்டால் உப்புப் பூத்து அட்டை மாதிரி விறைத்துவிடும்.

மார்கழி வாடைக்காத்துக்குக் கைக்குழந்தைக்குக் காதை மூடும் தொப்பி பின்னினேன், அருமையாக வந்தது. அக்ரிலிக் தொப்பியில் தலை வேர்த்து அழும் பிள்ளை இதில் தூங்குகிறது. பாத்திரம் தேய்க்கும் சதுரத் துணியும் நன்றாக உழைக்கிறது. சுருக்குப் பைக்கு மட்டும் இதை நான் சொல்லமாட்டேன். இடுப்பில் உரசி உரசிப் பஞ்சு எழும்பிவிடுகிறது, காசு கனத்தில் பை நீண்டு தொங்குகிறது.

குறை என்று பார்த்தால், பொட்டலத்தில் நூலின் பருமனைச் சொல்லும் நம்பரே எழுதுவதில்லை. பத்தாம் நம்பர் என்றால் மெட்ரிக் கணக்கில் ஒரு கிராமுக்கு 10 மீட்டர். அதைப் போட்டிருந்தால் எத்தனை இழை சேர்ப்பது என்று வாங்கும்போதே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய குறை, சாயம் போட்ட துண்டுகளையும் சொல்லாமல் உள்ளே வைத்துக் கட்டுகிறார்கள். ஒரு சிவப்பு இழை போதும், கொதிக்கிற பானை முழுக்க ரோஸ் ஆகிவிடும். குழந்தைத் தொப்பிக்கு அந்தச் சாயத்தை எப்படி நம்புவது? சாய நூலைத் தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை.

மழைக்காலத்தில் மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். ஐப்பசி ஈரத்தில் நமத்துக் கரும்புள்ளி விழும். வேக வைத்துக் காயவைத்த நூலானால் அந்தப் பயம் குறைவு. கடையில் பொட்டலத்தை அவிழ்த்துப் பார்க்கக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். முடிச்சு குறைவாகவும் ஒரே தடிமனாகவும் இருப்பதாகப் பார்த்து, சாயம் போடாததை எடுங்கள். விரல் உறைக்கு என்றால் கால் கிலோவே ஒரு தெருவுக்குக் காணும்.