மாடா, காசா, நிபந்தனையா: வறுமைக்கு எதிரான பணத்தை எங்கே, எப்படிக் கொடுப்பது

நாங்கள் 11 பேர். மாதச் சம்பளத்தில் ஆளுக்கு ஒரு பங்கு ஒதுக்கி, வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக எங்காவது கொடுப்பது வழக்கம். ஆரம்பத்தில் யாராவது ஒருவர் சொன்ன இடத்துக்கு அனுப்பிவிடுவோம். அப்புறம்தான் ஒரு கேள்வி எழுந்தது. பரம ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு இந்தப் பணம் எந்த உருவத்தில் போய்ச் சேர்ந்தால் பலன் நிலைக்கும்? மாடாகப் போகலாம், கையில் ரொக்கமாகப் போகலாம், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் தருவோம் என்று நிபந்தனையோடும் போகலாம். மூன்றுக்கும் எங்களுக்குள்ளேயே ஆள் இருந்தது. இரண்டு மாதம் ஆய்வுகளைப் படித்து, வாதாடி, கடைசியில் பெரும்பங்கை நிபந்தனையில்லாத ரொக்கத்துக்கு ஒதுக்கினோம். மூன்று வருடமாக அதில் மாற்றமில்லை. நான் ரொக்கத்தின் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஆனால் எல்லா நாட்டுக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன்.

இந்த மூன்றுக்கும் வெளியே இருப்பவற்றை முதலில் தள்ளி வைத்துவிடலாம். வறுமையைப் பெருமளவில் குறைத்தது பொருளாதார வளர்ச்சிதான், அதில் சந்தேகமே இல்லை. சீனாவில் 1978க்குப் பிறகு விளைநிலத்தைக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டதும், வியட்நாமில் 1986இல் தொடங்கிய தோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்தமும் செய்ததை எந்த உதவித்தொகையும் செய்ததில்லை. ஆனால் அவை அரசுகளின் வேலை, நாங்கள் சேர்க்கும் பணத்தால் ஆகாது. அடுத்து சிறுகடன். வங்காளதேசத்தின் கிராமீன் வங்கியும் அதை நிறுவிய முகமது யூனுஸும் 2006இல் நோபல் பரிசு பெற்றபோது எங்களில் பலருக்கு அதன்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 2015இல் போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்று ஆறு நாட்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. ஏற்கெனவே தொழில் நடத்துபவருக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது, ஏழைக் குடும்பத்தின் வாழ்க்கையைப் புரட்டிப் போடுவதில்லை என்பதுதான் அவற்றின் சாரம். அதோடு விட்டுவிட்டோம்.

நிபந்தனைப் பணத்துக்கு மெக்சிகோதான் பெரிய முன்மாதிரி. 1997இல் புரோகிரேசா என்ற பெயரில் தொடங்கினார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் கைக்குப் பணம் வந்தது. பதிலுக்குப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது, குடும்பத்தினர் சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது, உயர்வகுப்பில் பெண் பிள்ளைக்குப் பையனைவிடக் கூடுதலாகக் கிடைத்தது. 506 கிராமங்களை எடுத்து, ஒரு பகுதிக்கு முதலிலும் மீதிக்குப் பிறகும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்ததால் பலன் கண்கூடாகத் தெரிந்தது. 2000இல் ஆட்சி மாறியும் திட்டம் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். 2003இல் பிரேசில் போல்சா ஃபமிலியா என்ற இதே மாதிரித் திட்டத்தைக் கொண்டுவந்தது, அதன் பிறகு உலகமே இந்த வழியைப் பின்பற்றத் தொடங்கியது.

பின்பற்றியவர்கள் பலர் கவனிக்காமல் விட்டது ஒன்று உண்டு. புரோகிரேசா முதலில் நுழைந்தது பள்ளியும் சுகாதார நிலையமும் எட்டும் தூரத்தில் இருந்த ஊர்களில். அதாவது நிபந்தனையை நிறைவேற்றுவதற்கு அங்கே இடம் இருந்தது. வருகைப் பதிவேட்டை ஆசிரியர் நிரப்ப வேண்டும், சுகாதார நிலையத்தில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அந்தத் தாள்கள் ஓர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து அங்கே ஒருவர் சரிபார்த்துப் பணத்தை விடுவிக்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி இல்லாத நாட்டில் என்ன ஆகும்? ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள் வராத பள்ளிக்கு, இரண்டு மணி நேரம் நடந்து போக முடியாத பிள்ளையின் அம்மாவுக்குப் பணம் நிற்கும். தவறு பள்ளியுடையது, தண்டனை அவளுக்கு. மலாவியில், சோம்பா பகுதியில் இளம்பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. பள்ளியில் நிற்க வைப்பதில் நிபந்தனைதான் நன்றாக வேலை செய்தது, மறுக்கவில்லை. ஆனால் படிப்பை விட்டுவிட்ட பெண்களில், நிபந்தனையில்லாமல் பணம் பெற்றவர்களுக்குச் சின்ன வயதுத் திருமணமும் கர்ப்பமும் கணிசமாகக் குறைந்தன. நிபந்தனை யாரை வெளியே தள்ளியிருக்குமோ அவளுக்குத்தான் அந்தப் பணம் அதிகம் தேவைப்பட்டிருக்கிறது.

எங்கள் விவாதத்தின் திருப்பம் இங்கேதான். எந்த முறை சிறந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, கொடுத்த பிறகு கூடவே இருந்து பார்த்துக்கொள்ள அந்த நாட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினோம். பராமரிப்பு என்ற இந்த ஒரு அளவுகோல் வந்ததும் மற்ற வாதங்கள் எல்லாம் சிறுத்துப்போயின.

மாட்டை எடுத்துக்கொள்வோம். வங்காளதேசத்தில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இல் தொடங்கிய பரம ஏழைகளுக்கான திட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கறவை மாடு, ஆடு, கோழி என்று ஒரு சொத்து, வருமானம் வரும்வரை சாப்பாட்டுக்கு ஒரு தொகை, பயிற்சி, சேமிப்பு, அப்புறம் இரண்டு வருடம்வரை வீடு தேடி வந்து விசாரிக்கும் களப்பணியாளர். எல்லாம் சேர்ந்ததுதான் திட்டம், மாடு அதில் ஒரு பகுதி மட்டுமே. 2015இல் எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இதைப் பரிசோதித்த ஆய்வு வெளியானது. மொத்தத்தில் நல்ல பலன். இந்தியாவில், மேற்கு வங்கத்தில் நடந்ததைத் தொடர்ந்து பார்த்தபோது பத்து வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்கள் மற்றவர்களைவிட மேலேதான் இருந்தன. ரொக்கத்துக்கு இவ்வளவு நீண்ட கால, இவ்வளவு தெளிவான சான்று இல்லை என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே ஆறில் ஹொண்டுராஸும் இருக்கிறது. அங்கே கொடுத்த கோழிகள் ஏராளமாக நோயில் செத்துப்போயின. செலவுக்கு ஈடான பலன் வரவில்லை. பெருவில் அந்த மண்ணுக்குப் பழக்கமான கினிப்பன்றியைக் கொடுத்தார்கள், அது பொருத்தமாக இருந்தது.

எங்களில் மாட்டுக்காக வாதாடிய நண்பர் மாடுகளோடு வளர்ந்தவர். அவரே ஒருநாள் ஒரு காகிதத்தில் கறவை மாட்டின் முதல் வருடத்தை எழுதிக் காட்டினார். காலை, மாலை இரண்டு வேளை கறக்க வேண்டும், கறந்த பாலைக் கெட்டுப்போவதற்கு முன்னால் வாங்க ஆள் வேண்டும். சினைப்பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், ஒரு நாள் கவனிக்காமல் விட்டால் அடுத்த 21 நாள் காத்திருக்க வேண்டும். சினை பிடித்தபின் ஒன்பது மாதத்துக்கு மேல். கன்று போடுவதற்கு முன்னால் பால் வற்றிய காலத்தில் தீவனச் செலவு மட்டும் இருக்கும், ஒரு பைசா வரவு இருக்காது. நடுவில் மடிவீக்கம் வந்தால் அன்றைக்கே மருந்து போட வேண்டும். இதையெல்லாம் எழுதிவிட்டு, “ஒவ்வொரு வரிக்கும் எதிரே, அந்த நாட்டில் இதை யார் செய்வார்கள் என்று எழுதுங்கள்” என்றார். வங்காளதேசத்துக்கு எங்களால் எழுத முடிந்தது. பிராக் 1972 முதல் அங்கே இருக்கிறது, வீடுகள் நெருக்கமாக இருப்பதால் ஒரு களப்பணியாளர் ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போய்வர முடியும். ருவாண்டாவுக்கும் எழுத முடிந்தது. அங்கே 2006இல் தொடங்கிய கிரின்கா திட்டத்தில் மாடு பெற்ற குடும்பம், அது போடும் முதல் பெண் கன்றை இன்னொரு ஏழைக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கன்றுக்காகக் காத்திருப்பவருக்கு இந்த மாட்டின்மேல் ஒரு கண் இருக்கத்தானே செய்யும். ஆனால் மக்கள் சிதறி வாழும், கால்நடை மருத்துவர் அரிதாகவே வரும் வறண்ட நாடுகளுக்கு வந்தபோது காகிதத்தின் வலப்பக்கம் வெறுமையாகவே இருந்தது.

ரொக்கத்துக்கு வருகிறேன். கென்யாவில் எம்-பெசா என்ற மொபைல் பணச்சேவை 2007இல் வந்தது. கடைக்காரரே முகவர், போனில் வந்த தொகையை அவருக்கு மாற்றிவிட்டு நோட்டாக வாங்கிக்கொள்ளலாம். பணத்தைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது, உதவி அமைப்பு புதிதாக எதையும் கட்டிப் பராமரிக்க வேண்டியிருக்கவில்லை. ஏழைகளுக்கு நேரடியாக ரொக்கம் கொடுக்கும் கிவ்டைரக்ட்லி அமைப்பு மேற்குக் கென்யாவில் புல் கூரை வேய்ந்த வீடுகளைப் பார்த்து ஏழைகளை அடையாளம் கண்டது. ஒரு வீட்டுக்குச் சுமார் 1,000 டாலர், எந்தக் கேள்வியும் இல்லாமல். முதலில் பலர் செய்தது என்ன தெரியுமா? கூரையை மாற்றினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வீண்செலவு மாதிரி தெரியலாம். புல் கூரையை அடிக்கடி புதுப்பித்தே ஆக வேண்டும், மழைக்காலத்தில் ஒழுகும். தகரம் போட்டுவிட்டால் வருடக்கணக்குக்குக் கவலை இல்லை, மழைநீரையும் பிடித்து வைக்கலாம். பராமரிப்புச் செலவைக் குறைப்பதுதான் முதல் முதலீடு என்று அந்தக் குடும்பங்கள் தாங்களே கணக்குப் போட்டிருக்கின்றன. எந்தத் திட்ட அதிகாரியும் இதை முதல் தேவையாக எழுதியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ரொக்கம் கொடுத்தால் விலைவாசி ஏறும், வாங்காத பக்கத்து வீட்டுக்காரர் பாதிக்கப்படுவார் என்ற பயம் எங்களில் பலருக்கு இருந்தது. கென்யாவில் 653 கிராமங்களில் நடந்த பெரிய ஆய்வு அதைத் தீர்த்துவைத்தது. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் அந்தப் பகுதியின் பொருளாதாரம் ஏறத்தாழ இரண்டரை டாலர் பெருகியது, விலை ஏற்றம் மிகச் சொற்பம், பணம் பெறாத வீடுகளின் செலவழிக்கும் சக்தியும் கூடியது. 2025இல் அதே பகுதியிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு, பணம் பெற்ற வீடுகளில் சிசு மரணம் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் டாக்டர் இருக்கும் மருத்துவமனைக்கு அருகில் இருந்தவர்களுக்கே அந்தப் பலன் அதிகம். காசு வேலை செய்வதற்கும் அதைச் சுற்றி ஏதாவது இருக்க வேண்டியிருக்கிறது.

அப்படி எதுவும் இல்லாத இடத்தில் ரொக்கம் சறுக்கும். எத்தியோப்பியா 2005இல் தொடங்கிய பாதுகாப்பு வலைத் திட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 6 பிர் (அந்த நாட்டு நாணயம்) கூலி, அதாவது மூன்று கிலோ தானியத்தின் விலை. 2008இல் தானிய விலை எகிறியது. கூலியை 8 பிர்ராக உயர்த்தியும் மூன்று கிலோ வாங்க முடியவில்லை. காசு வேண்டும் என்றிருந்த குடும்பங்களே தானியமாகக் கொடுங்கள் என்று கேட்கத் தொடங்கின. ஈரான் 2010 கடைசியில் எரிபொருள் மானியத்தை வெட்டி, ஆளுக்கு மாதம் 4,55,000 ரியால் கொடுத்தது. அப்போது அது சுமார் 45 டாலர். தொகை அப்படியே நின்றது, பணவீக்கம் அதைத் தின்று தீர்த்தது. காங்கோவின் தெற்குக் கிவுவில் கிவ்டைரக்ட்லியின் சொந்தப் பணியாளர்கள் சிலரே ஏழைகளுக்குப் போக வேண்டிய சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டியது 2023இல் வெளியே வந்தது. போர் நடக்கும் பகுதி என்பதால் சிம் கார்டு பதிவில் வழக்கமான கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தார்கள். ரொக்கத்துக்குப் பராமரிப்பே வேண்டாம் என்று நான் முன்பு பேசிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை, மற்ற இரண்டையும்விடக் குறைவு என்றே சொல்கிறேன்.

ஒரே நாட்டுக்குள்ளேகூட விடை மாறும். 2011இல் பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் இந்தியாவில் ஒன்பது மாநிலங்களில் ரேஷனா, ரொக்கமா என்று மக்களிடமே கேட்டார்கள். ரேஷன் கடை ஒழுங்காக நடந்த சத்தீஸ்கர், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் பெரும்பாலோர் அரிசியையே விரும்பினார்கள். கடை சரியாக நடக்காத பீகாரில் காசு கேட்டவர்கள் அதிகம். பராமரிக்கப்படும் ஏற்பாட்டை மக்கள் விட மறுக்கிறார்கள், பராமரிக்கப்படாததிலிருந்து தப்பிக்கக் காசு கேட்கிறார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

என் சார்பைக் கொஞ்சம் அசைத்தது நைஜர். உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, மக்கள் சிதறி வாழும் நாடு. மாட்டோடு கூடிய முறை அங்கே சரிப்படாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கே அதை வேறு மாதிரி மாற்றியிருந்தார்கள். ஏற்கெனவே அரசு உதவித்தொகை பெறும் பெண்களைச் சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்து, பயிற்சியைக் குழுவாகவே கொடுத்தார்கள். மாட்டுக்குப் பதிலாக ஒரு மொத்தத் தொகையைக் கையில் தந்தார்கள். 2022இல் வெளியான முடிவுகள் செலவோடு ஒப்பிடும்போது மிக நன்றாக இருந்தன. அந்த நாட்டுக்கு ஏற்றபடி மாட்டைக் காசாக்கியும், தனி வருகையைக் குழுவாக்கியும் செய்த இந்த மாற்றம் 1999இல் நடந்ததற்கு நேர் எதிர். அப்போது உலக வங்கியும் பன்னாட்டு நாணய நிதியமும் கடன் தள்ளுபடி கேட்கும் ஏழை நாடுகள் தங்கள் வறுமைக் குறைப்புத் திட்டத்தைத் தாங்களே எழுதித் தர வேண்டும் என்றன. நல்ல எண்ணம்தான், ஆனால் வந்த அறிக்கைகளில் பல ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது.

எங்கள் அனுபவம் மூன்று வருடம்தான், அதுவும் தூரத்திலிருந்து அறிக்கைகளைப் படித்த அனுபவம். இப்போதைக்குப் பத்தில் ஏழு பங்கு ரொக்கத்துக்கு, மொபைல் பணம் ஊன்றிவிட்ட நாடுகளில். மூன்று பங்கு வங்காளதேசத்தில் மாடும் களப்பணியாளரும் சேர்ந்த முறைக்கு. நிபந்தனைப் பணத்துக்கு எங்கள் கையிலிருந்து ஒன்றும் இல்லை, பதிவேடும் பள்ளியும் வைத்திருக்கும் அரசுகள்தான் அதைச் செய்ய முடியும். இந்த வருடம் எத்தியோப்பியாவுக்கும் ஒரு பங்கு கொடுக்கலாமா என்று பேச்சு நடக்கிறது. தானிய விலை ஏறினால் தொகையையும் ஏற்ற உங்களிடம் விதி இருக்கிறதா, இல்லையென்றால் தானியமாக மாற்றிக் கொடுக்க முடியுமா என்று அங்கே வேலை செய்யும் அமைப்பிடம் கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் வந்த பிறகுதான் பணம் போகும்.