பாட்டி மட்டும் போதும் என்று சொல்லி 27,500 ரூபாயை வாங்கிக்கொண்டார்கள்

இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. இதை எழுதி முடித்தாலாவது தூக்கம் வருகிறதா பார்க்கிறேன்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்துத் தருகிறோம் என்று சொல்லும் ஒரு ஆன்லைன் நிறுவனத்திடம் 27,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறோம். பெயர் போடவில்லை, புகார் கொடுத்திருக்கிறோம், வக்கீல் இப்போதைக்குப் பெயர் வேண்டாம் என்கிறார். தேடினால் விளம்பரமாக மேலே வந்து நிற்கும், "வீட்டுக்கே வந்து சாம்பிள் எடுப்போம், ரகசியம் காப்போம்" என்று போட்டிருக்கும், வெள்ளைக் கோட்டு போட்ட பெண் சிரிக்கும் படம் இருக்கும், அந்த ரகம். பெங்களூரில் இந்த மாதிரி எத்தனையோ இருக்கின்றன.

விஷயம் இதுதான். என் தம்பி மும்பையில் வேலை பார்த்தான், 2023ல் பைக் விபத்தில் போய்விட்டான். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து ஒரு பெண் கைக்குழந்தையோடு அல்சூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கோயிலில் வைத்துத் தாலி கட்டியிருக்கிறான், எங்களிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது வேறு கதை, அதை இங்கே எழுத மாட்டேன். பையனுக்கு இப்போது மூன்று வயசு. அம்மாவுக்கு அன்றைக்கே சந்தேகம் இல்லை. பையனின் காது மடலைத் திருப்பிப் பார்த்தாள், "இது எங்க வீட்டுக் காதுடி" என்றாள், அதோடு சரி. சந்தேகம் பெரியப்பாவுக்குத்தான். தாத்தா கட்டிய வீடு இன்னும் பாகம் பிரிக்கவில்லை, அப்பா 2015லேயே போய்விட்டார், இப்போது அப்பா பங்கில் ஒரு பேரன் வந்து உட்கார்ந்தால் யாருக்கு வயிறு எரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும், "யார் வீட்டுப் பிள்ளையோ" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி ஒரு பேச்சு. கடைசியில் அந்தப் பெண்ணே, "டெஸ்ட் எடுங்க அத்தை, எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டாள்.

நான்தான் தேடினேன். நான்தான் நம்பரைப் போட்டேன். அதுதான் அறுக்கிறது.

பத்து நிமிஷத்தில் போன் வந்தது. முதலில் இங்கிலீஷ், அப்புறம் என் பேச்சைக் கேட்டதும், "அக்கா, நீங்க தமிழா? நான் ஆரணிக்கா" என்றான். எங்களுக்கும் பூர்வீகம் ஆரணிப் பக்கம்தான். அவ்வளவுதான், நான் கவிழ்ந்துவிட்டேன். வெளியூரில் இத்தனை வருஷம் இருந்தும் நம்ம ஊர்ப் பேச்சைக் கேட்டால் இளகிப் போகிற புத்தி போகவில்லை. தம்பி இறந்தது, குழந்தை, பெரியப்பா, எல்லாவற்றையும் கூடப் பிறந்தவனிடம் சொல்வதுபோல அவனிடம் சொன்னேன். அவனும் "ஐயோ, அப்படியாக்கா" என்று உச்சுக்கொட்டினான். பிறகு சொன்னான்: "பாட்டி ஒருத்தர் போதும்கா. பாட்டிக்கும் பேரனுக்கும் 25 பர்சென்ட் டிஎன்ஏ ஒத்துப்போகும். மெஷின்ல போட்டா 99.99னு அடிச்சுச் சொல்லிடும்." டெஸ்ட் 24,500, அவசரம் என்றால் இன்னும் 3,000. மொத்தம் 27,500. அன்று சாயங்காலமே யுபிஐயில் அனுப்பினேன். பில் வந்தபோது வெப்சைட் பெயர் ஒன்று, பில்லில் இருந்த பெயர் வேறொன்று. கேட்டதற்கு, "அது எங்க பார்ட்னர்க்கா" என்றான். அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

சாம்பிள் எடுக்க வந்த பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது. கையில் ஹெல்மெட், முதுகில் சாப்பாடு டெலிவரிப் பை மாதிரி ஒரு பை. அம்மா அப்போதுதான் வெற்றிலை போட்டிருந்தாள், வாய் சிவந்து கிடக்கிறது, அதைப் பார்த்தும் அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் வாய் கொப்பளிக்கச் சொன்னேன். பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்துக்கு உள்பக்கம் தேய்த்தான். குழந்தை அதை லாலிபாப் என்று நினைத்துக் கடித்துவிட்டது, அம்மா சிரித்தாள், பேரன் "ஆயா, இன்னொண்ணு" என்று கேட்டான். ஒரே கையுறையோடு இரண்டு பேருக்கும் எடுத்தான். யாரிடமும் அடையாள அட்டை கேட்கவில்லை, கையெழுத்து வாங்கவில்லை. கவரில் பால் பேனாவால் பாட்டிக்கு "ஜிஎம்", பேரனுக்கு "ஜிசி" என்று எழுதினான். அவன் பையில் பிரிக்காத குச்சிகள் இன்னும் நாலு இருந்தன, என் கண்ணால் பார்த்தேன். காபி டம்ளரோடு நின்ற குழந்தையின் அம்மா, "எனக்கும் எடுக்கணுமா?" என்று கேட்டாள். "வேணாம் மேடம், நீங்க புக்கிங்ல இல்ல" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தின் விலைதான் 27,500 ரூபாய் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

பத்து வேலை நாளில் வரவேண்டிய ரிப்போர்ட், அவசரக் கட்டணம் வேறு கட்டியும், இருபத்து நாலு நாள் கழித்து வந்தது. மூன்று பக்கம். நிறைய எண்கள், கட்டம் கட்டமாக. கடைசி வரி: உறவுக்கான சாத்தியம் 68 சதவீதம், உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அம்மா, "என்னடி போட்டிருக்கு" என்று கேட்கிறாள். நான் என்ன சொல்வது? பெரியப்பா காதுக்கு எப்படியோ போய்விட்டது. "பாத்தியா, நூத்துக்கு முப்பத்திரண்டு நம்ம ரத்தம் இல்ல" என்கிறார். சதவீதம் அப்படி வேலை செய்யாது என்று யார் அவருக்குப் புரியவைப்பது?

அந்த ஆரணிக்காரனுக்குப் போன் போட்டேன். முதல் நாள் எடுத்தான், "டெக்னிகல் டீம்கிட்ட கேட்டுச் சொல்றேன்க்கா." இரண்டாம் நாள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. மூன்றாம் நாள் வேறொரு பெண், ஹிந்தியில், டிக்கெட் நம்பர் கொடுத்தாள். நாலாம் நாள், "குழந்தையின் தாயார் சாம்பிளும் கொடுத்தால் தெளிவான முடிவு வரலாம், கூடுதல் கட்டணம் 9,000" என்று மெயில். காபி டம்ளரோடு நின்றவளை வேண்டாம் என்று சொன்னது யார்? கேட்டேன். பதில் இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதற்கு ஒரு சூப்பர்வைசர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்பதும் ஒரு ரிசல்ட்தான் மேடம். சர்வீஸ் கொடுத்தாகிவிட்டது."

நேற்று மாரத்தஹள்ளிப் பக்கம் அவர்கள் முகவரிக்கே போனேன், அல்சூரிலிருந்து ஆட்டோவுக்கு 340 ரூபாய். பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடி, நாலு நாற்காலி, ஒரு செடி. கீழே செக்யூரிட்டி பாவம், உண்மையைச் சொன்னார்: "இல்லி லேப் இல்லா மேடம், பரீ ஆபீஸு." லேபே இல்லை. புக்கிங் பிடிக்கிற ஆபீஸ், சாம்பிள் எங்கேயோ போகிறது. மேலே இருந்த பெண் மெயில் அனுப்பச் சொன்னாள். நான் அனுப்பிய ஏழு மெயிலைக் காட்டினேன். எட்டாவது அனுப்பச் சொன்னாள்.

என்னுடன் வேலை செய்பவரின் கணவர் மரபணு ஆராய்ச்சியில் இருக்கிறார். ரிப்போர்ட்டை அவரிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பேரனா, பேத்தியா?" இந்தக் கேள்வியை 27,500 வாங்கியவர்களில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். அப்பா பிள்ளை டெஸ்ட் என்றால் சுலபம், டிஎன்ஏவில் பார்க்கிற இருபது சொச்சம் இடங்களில் ஒவ்வொன்றிலும் அப்பாவுடையது ஒன்று பிள்ளையிடம் இருந்தே ஆகவேண்டும், நாலைந்து இடம் தப்பினால் அவர் அப்பா இல்லை. பாட்டி விஷயம் அப்படியில்லை. தம்பிக்கு ஒவ்வொரு இடத்திலும் இரண்டு, ஒன்று எங்கள் அம்மா கொடுத்தது, ஒன்று எங்கள் அப்பா கொடுத்தது. அதில் ஏதோ ஒன்றைத்தான் மகனுக்குக் கொடுத்திருப்பான், சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி. அதனால் சொந்தப் பாட்டியாகவே இருந்தாலும் பல இடங்களில் ஒத்துப்போகாது, முன்பின் தெரியாத ஆளோடும் சில இடங்களில் ஒத்துப்போகும். ஒரே ஒரு பாட்டியை மட்டும் வைத்து எடுத்தால் இந்த மாதிரி இரண்டுங்கெட்டானாக வருவது சகஜமாம். தாத்தா பாட்டி இரண்டு பேரும் இருந்தால் நல்லது. குழந்தையின் தாய் சாம்பிள் இருந்தால், அவள் கொடுத்த பாதியைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்க்கலாம். அந்த 25 சதவீதம் என்பதும் சராசரிதான், கூடக்குறைய இருக்கும், அதை அளக்க லட்சக்கணக்கான இடங்களைப் பார்க்கிற வேறு வகை டெஸ்ட் வேண்டும். இவர்கள் எடுத்தது அதுவே இல்லை.

பேத்தியாக இருந்திருந்தால் எங்கள் அம்மா ஒருத்தியே போதுமாம். ஆணிடம் இருக்கிற ஒரே எக்ஸ் குரோமோசோம் அவன் அம்மா கொடுத்தது, அது அப்படியே மகளுக்குப் போகும். மகனுக்குப் போவது ஒய், அது தாத்தா வழி. அப்பாவைப் பெற்ற பாட்டி, பேரன், இந்த ஜோடிக்கு எக்ஸும் உதவாது, ஒய்யும் உதவாது. இருக்கிற ஜோடிகளிலேயே கஷ்டமானதை எடுத்துக்கொண்டு 99.99 என்று என்னிடம் விற்றிருக்கிறான் அந்தப் பயல். அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி தூக்கிப்போன குழந்தைகளைத் தேடி அலைந்த பாட்டிமார்களுக்காக, மேரி கிளேர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் மற்றவர்களும் 1980களிலேயே இதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், 1987ல் அங்கே அரசாங்கமே மரபணு வங்கி தொடங்கியது என்றார். நாற்பது வருஷத்துக்கு முன்னால் தெரிந்த விஷயம் பேக்கரி மாடிக்கு இன்னும் வந்து சேரவில்லை போல.

இன்னொன்றும் கேட்டார். தம்பி பயன்படுத்திய பல் பிரஷ், ரேசர் ஏதாவது இருக்கிறதா? ஆஸ்பத்திரியில் அவனிடமிருந்து எடுத்த சாம்பிள் ஏதாவது பத்திரமாக இருக்கிறதா? கிடைத்தால் உத்தரவாதம் இல்லை, ஆனால் நேராக அப்பா மகன் டெஸ்டே முயற்சி செய்யலாமாம். அவன் டிரிம்மரை அம்மா இரும்புப் பெட்டியில் சட்டையோடு சுற்றி வைத்திருக்கிறாள். அதைப் பற்றியும் யாரும் கேட்கவில்லை.

வக்கீலிடம் போனால் அவர் வேறு மாதிரி திட்டுகிறார். கல்யாணப் போட்டோ இருக்கிறது, பிறப்புச் சான்றிதழில் தம்பி பெயர் இருக்கிறது, முறையான கல்யாணத்தில் பிறந்த குழந்தையை அந்தப் புருஷனுடையதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், பழைய சாட்சியச் சட்டத்தில் 112வது பிரிவு, புதியதில் 116, கோர்ட்டே டிஎன்ஏ டெஸ்டுக்கு லேசில் உத்தரவு போடாது, உங்களை யார் எடுக்கச் சொன்னது என்றார். அதுவும் அடையாளம் பார்க்காமல், சாட்சி இல்லாமல், வீட்டில் எடுத்த சாம்பிளை எந்த கோர்ட்டும் மதிக்காது என்றார். ஆக 27,500 கொடுத்து, இல்லாத சந்தேகத்துக்கு நாங்களே ஒரு காகிதம் தயார் செய்து பெரியப்பா கையில் கொடுத்திருக்கிறோம்.

1915 என்ற நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பருக்குப் போன் செய்து புகார் பதிந்தாகிவிட்டது. பணம் வருமா தெரியாது.

யாராவது இதே நிலைமையில் இருந்தால், விரிவாக எழுத எனக்கு இப்போது தெம்பில்லை, சுருக்கமாக: யார் யார் சாம்பிள் வேண்டும் என்று முதலில் கேளுங்கள், பேரனா பேத்தியா, அப்பா வழியா அம்மா வழியா என்று அவர்கள் உங்களைத் திருப்பிக் கேட்கவில்லை என்றால் போனை வைத்துவிடுங்கள். லேப் எங்கே இருக்கிறது, லேப்களின் தரத்தைப் பார்த்துச் சான்று கொடுக்கிற என்ஏபிஎல் அங்கீகாரம் இந்த டெஸ்டுக்கே இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள், வெப்சைட்டில் இருக்கிற முத்திரையை நம்பாதீர்கள். முடிவு சொல்ல முடியாவிட்டால் பணம் என்ன ஆகும் என்பதையும் எழுத்தில். குழந்தையின் அம்மா சம்மதித்தால் அவர் சாம்பிளை விடாதீர்கள். சொந்த ஊர்க்காரன் என்றால் இரண்டு மடங்கு கேள்வி கேளுங்கள்.

மகன் வயிற்றுப் பேரன் என்றால், தாத்தா இல்லாவிட்டாலும், தாத்தாவின் அண்ணன் தம்பி யாராவது இருந்தால் ஒய் டெஸ்ட் எடுக்கலாம், அந்த ஒய் அந்த வம்சத்து ஆண்கள் எல்லாருக்கும் ஒன்றுதான். எந்த ஆண் என்று அது சொல்லாது, இந்த வீட்டுப் பிள்ளையா இல்லையா என்று சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அப்படி மிச்சம் இருக்கிறவர் ஒரே ஒருத்தர், பெரியப்பா. நேற்று ராத்திரி போய்க் கேட்டோம். நாலைந்து நிமிஷ வேலை, கன்னத்தில் ஒரு பஞ்சுக்குச்சி. இரண்டு வருஷமாக இந்தப் பையனைப் பற்றி மூடாத வாய், அதற்கு மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது.