அஸ்தம்பட்டி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை: அக்கவுண்ட் நீக்கத் தெரிந்தவர்கள், ஆனால் ஒரு விஷயம்

வீட்டுக் கம்ப்யூட்டரில் தேவையில்லாத யூசர் அக்கவுண்டுகளை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டால் சேலத்தில் பாதிக் கடைகளில் "ஃபார்மட் அடிச்சிடலாம்ணா, ஃப்ரெஷ்ஷா ஆயிடும்" என்பார்கள். அவர்களுக்கு அது சுலபம், யோசிக்க வேண்டியதில்லை. அஸ்தம்பட்டியில் ஒரு சந்துக்குள் இருக்கும் இந்தக் கடையில் அப்படிச் சொல்லவில்லை, அதற்காகத்தான் இந்த ரிவ்யூ. மாடிப்படிக்கு அடியில் ஒற்றை ஷட்டர், இரண்டு பேர் உள்ளே போனால் மூன்றாவது ஆள் வெயிலில் நிற்க வேண்டும், போர்டில் எழுத்தே வெளுத்துப்போய்விட்டது. பேர் போடவில்லை, காரணம் கடைசியில் தெரியும்.

எங்களுடையது செவ்வாய்ப்பேட்டையில் சின்னக் கொலுசுப் பட்டறை. வீட்டுக்கும் பட்டறைக் கணக்குக்கும் ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 11 ஹோம். அதில் நான்கு அக்கவுண்ட்: என்னுடையது, அம்மாவுடையது, கோவைக்குப் படிக்கப் போய்விட்ட அக்கா பையனுடையது, வேலையை விட்டு நின்றுவிட்ட கணக்குப்பிள்ளையுடையது. கடைசி இரண்டும் போக வேண்டும். கணக்குப்பிள்ளை அக்கவுண்ட் அட்மினிஸ்ட்ரேட்டர் வேறு, அதாவது அவர் பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்தால் எங்கள் எல்லோருடைய ஃபைலையும் திறக்கலாம்.

கடைத் தம்பி டெலீட் பட்டன் பக்கமே போகாமல், என் அக்கவுண்ட்டும் அட்மினா என்று முதலில் பார்த்தார். அப்புறம் சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்து எந்த அக்கவுண்ட் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டினார். மைக்ரோசாஃப்ட் மெயில் ஐடி கொடுத்து ஆரம்பித்த அக்கவுண்ட்டுக்கு அந்த மெயிலின் முதல் ஐந்து எழுத்துதான் ஃபோல்டர் பெயராக இருக்கும், அதனால் எது யாருடையது என்று சட்டென்று புரியாது. கணக்குப்பிள்ளையின் டெஸ்க்டாப்பில் வரிசையாக ஜிஎஸ்டி பில் எக்செல் ஃபைல்கள். "இது உங்க பட்டறை கணக்கு மாதிரி இருக்கேண்ணா, வேணுமா வேண்டாமான்னு வீட்ல ஒருதடவை கேட்டுக்கோங்க" என்றார். ஃபார்மட் அடித்திருந்தால் அத்தனையும் போயிருக்கும்.

எனக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. இப்போது வரும் பல கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது உள்ளே இருப்பதை வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது, அதைத் திறக்கும் ரெகவரி கீ யார் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் முதலில் செட்டப் செய்தார்களோ அவர் அக்கவுண்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் வீட்டில் முதலில் செட்டப் செய்தது கணக்குப்பிள்ளை! நாளைக்கு பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சாஃப்ட்வேர்) அப்டேட் ஆகியோ மதர்போர்டு மாற்றியோ திரையில் அந்தக் கீ கேட்டால், வேலையை விட்டுப் போன மனிதரிடம் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். தம்பி அந்த 48 இலக்க எண்ணை எடுத்து பிரிண்ட் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போனார். உங்கள் வீட்டிலும் வேறு யாராவது செட்டப் செய்து கொடுத்திருந்தால் அக்கவுண்டைத் தூக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் நீக்கினார். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் ரிமூவ் கொடுத்தால் அக்கவுண்ட்டோடு அந்த ஆளின் ஃபைல்களும் சேர்ந்தே அழியும், வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்காது. பழைய கண்ட்ரோல் பேனல் வழியாகப் போனால் கீப் ஃபைல்ஸ் என்று ஒன்று வரும், அது டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், ஃபேவரிட்ஸ், படங்கள், பாட்டு, வீடியோ இவற்றை மட்டும் ஒரு ஃபோல்டரில் எடுத்து வைக்கும். டவுன்லோட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை, நம் ஊரில் பேங்க் ஸ்டேட்மெண்ட் முதல் ரேஷன் கார்டு காப்பி வரை எல்லாம் அங்கேதான் கிடக்கும். அதனால் அவர் எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் கையாலேயே பென் டிரைவுக்கு காப்பி செய்துவிட்டு நீக்கினார். யூசர்ஸ் ஃபோல்டரை மட்டும் நேரடியாக டெலீட் செய்தால் என்ன என்றேன். அக்கவுண்ட் அப்படியே இருக்கும், விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பழைய பதிவும் இருக்கும், அடுத்து அந்த அக்கவுண்ட்டில் லாகின் செய்கிறவருக்கு லாக் அவுட் ஆனதும் அழிந்துவிடும் தற்காலிக ப்ரொஃபைல்தான் கிடைக்கும், செய்யாதீர்கள் என்றார்.

அக்கா பையன் போனில் "மாமா, என் மெயில் போயிடுமா?" என்று பதறினான். போகாது, இந்தக் கம்ப்யூட்டரில் இருந்துதான் அவன் அக்கவுண்ட் போகிறது, மைக்ரோசாஃப்ட்டில் இருக்கிற அக்கவுண்ட் அப்படியே இருக்கும். அவனுடைய கேம்ஸ் காப்பி ஆகும் வரை எதிரே வண்டியில் தட்டுவடை செட்டு சாப்பிட்டேன், அந்தப் பூண்டுச் சட்னிக்கே தனியாக ஒரு ரிவ்யூ எழுதலாம்.

அம்மா அக்கவுண்ட்டை ஸ்டாண்டர்டு யூசராக மாற்றிவிட்டார். இனி கம்ப்யூட்டர் முழுவதற்குமாக ஏதாவது இன்ஸ்டால் ஆகப் பார்த்தால் என் பாஸ்வேர்டு கேட்கும்.

இதுவரை சொன்னதற்கு ஐந்து ஸ்டார் கொடுக்கலாம். வீட்டுக்கு வந்து திரையைப் பார்த்தால் "சர்வீஸ்" என்று புதிதாக ஒரு அக்கவுண்ட்! அட்மினிஸ்ட்ரேட்டர், பாஸ்வேர்டும் கிடையாது. போன் போட்டுக் கேட்டால் "டெஸ்ட் பண்ண போட்டதுண்ணா, மறந்துட்டேன்" என்கிறார் சாதாரணமாக. ஒரு அட்மினை எடுக்கச் சொல்லி போனால் புதிதாக ஒன்றைப் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்துவிட்டு அனுப்பியிருக்கிறார். அவர் சொல்லிக்கொடுத்த வழியிலேயே நானே எடுத்துவிட்டேன், அது வேறு விஷயம். சொல்லாமல் போடக் கூடாது.

400 ரூபாய் வாங்கினார், கேட்டபிறகுதான் ஒரு துண்டுச் சீட்டில் பில் எழுதிக் கொடுத்தார். மூன்று ஸ்டார். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை ஷட்டர் மூடியிருக்கும், போன் பண்ணிவிட்டுப் போங்கள். கம்ப்யூட்டரைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே ஆன் செய்து, அதர் யூசர்ஸில் யார் யார் இருக்கிறார்கள் என்று அவர் எதிரிலேயே பார்த்துவிட்டு காசு கொடுங்கள்.