கார்ட்ரிட்ஜா, மணலா? பாசி பிடித்த வாரத்தில் போட்ட கணக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாந்தோப்பில் ஒரு சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். ஏறக்குறைய 45,000 லிட்டர் பிடிக்கும். பாலக்கோட்டில் என் மச்சான் வீட்டிலும் அதே அளவில் ஒன்று. அவர் மணல் ஃபில்டர் வைத்தார், நான் மடிப்பு மடிப்பான துணி உருளையில் வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் வைத்தேன். இந்தச் சித்திரையில் இரண்டு குளமும் ஒரே வாரத்தில் பச்சையானது. எது நல்லது என்று இருவரும் ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்ததற்கு அந்த வாரம்தான் விடை கிடைத்தது. நான் கார்ட்ரிட்ஜ் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மணல் ஃபில்டரில் வால்வைத் திருப்பினால் தண்ணீர் தலைகீழாக ஓடி, அழுக்கை வெளியே தள்ளிவிடும், இதுதான் பேக்வாஷ். கார்ட்ரிட்ஜைத் திறந்து, வெளியே எடுத்து, கையால்தான் கழுவ வேண்டும். மணல் பொதுவாக 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள தூசியைப் பிடிக்கும், கார்ட்ரிட்ஜ் அதைவிடப் பொடியானதையும் பிடிக்கும். மணலைப் பல வருடம் மாற்ற வேண்டியதில்லை, கார்ட்ரிட்ஜ் அதற்கு முன்பே தேய்ந்துவிடும். நான் பார்த்தது இரண்டு கோடைதான், அதனால் ஆயுள் விஷயத்தில் என் பேச்சை முழுதாக நம்ப வேண்டாம்.

பாசி வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான். தண்ணீரின் அமில-கார அளவான பிஹெச்சை 7.2-க்கு இறக்கி, சுவரையும் படியிடுக்கையும் பிரஷால் தேய்த்து, குளோரினை உயரத்தில் நிறுத்தி, மோட்டாரை இரவு பகலாக ஓட விட வேண்டும். கொல்வது குளோரின். செத்த பாசியை வெளியே எடுப்பதுதான் ஃபில்டரின் வேலை. வித்தியாசம் அங்கேதான் தெரிந்தது.

என் கார்ட்ரிட்ஜ் முதல் நாளே திணறியது. சுத்தமாக இருக்கும்போது மீட்டர் காட்டும் அழுத்தத்தைக் குறித்து வைத்திருப்பேன். அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் கழுவும் நேரம் என்று அர்த்தம். சாதாரண நாளில் மாதம் ஒருமுறை வருவது, அந்த வாரம் காலையும் மாலையும் வந்தது. மோட்டாரை நிறுத்தி, மேலே உள்ள காற்றுத் திருகைத் திறந்து அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். கார்ட்ரிட்ஜைச் சாய்த்து வைத்து, மடிப்பு மடிப்பாக மேலிருந்து கீழே ஹோஸால் அடிக்க வேண்டும். கார் கழுவும் பிரஷர் மெஷின் துணியைக் கிழித்துவிடும். ஒருமுறை கழுவக் கால் மணி நேரம், சுமார் 200 லிட்டர்.

மச்சானும் தினம் இரண்டு தடவை பேக்வாஷ் செய்தார். மூன்று நிமிடம் பேக்வாஷ், பிறகு மணலை அலச ஒரு நிமிடம் ரின்ஸ். மணிக்கு 10,000 லிட்டர் தள்ளும் மோட்டாரில் அது 670 லிட்டர். கை நனையவில்லை, ஆனால் போனதெல்லாம் குளோரின் கலந்த குளத்துத் தண்ணீர். பொடியான செத்த பாசி மணல் வழியாகத் திரும்பி வந்து தண்ணீர் பால் போலக் கலங்கியதால், படிகாரம் போட்டு அடியில் படியவைத்து, அதை வேக்குவம் போட்டு நேரே வெளியே விட்டார். அதிலும் தண்ணீர் போனது. படிகாரத்தைக் கார்ட்ரிட்ஜ் குளத்தில் போடவே கூடாது, மடிப்புகளில் பசை போல ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பாசி வந்ததற்கு என் ஃபில்டரும் ஒரு காரணம். மூன்று அங்குல குளோரின் மாத்திரைகளில் சயனூரிக் ஆசிட் உண்டு. வெயிலில் குளோரின் அழியாமல் காக்கிற சரக்கு அது, மிஞ்சினால் குளோரினின் வேகத்தைக் குறைத்துவிடும். குளோரின் செலவாகிவிடும், இது தண்ணீரிலேயே தங்கிவிடும். மச்சானுக்குப் பேக்வாஷில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தது. எனக்குப் போக வழியில்லாமல் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) ஆகிவிட்டது. அந்த அளவில் பாசியைக் கொல்ல 40 பிபிஎம் குளோரின் வேண்டும், அதாவது 10 சதவீத திரவ குளோரின் 18 லிட்டர். சயனூரிக் ஆசிட் 30 பிபிஎம்மாக இருந்திருந்தால் 12 பிபிஎம் குளோரின் போதும், ஐந்தரை லிட்டரில் முடிந்திருக்கும். கடைசியில் சயனூரிக் ஆசிடைக் குறைக்கப் பாதிக் குளத்தை, 22,500 லிட்டரை, இறக்க வேண்டியதாயிற்று. மாத்திரையை அன்றோடு விட்டேன், இப்போது திரவ குளோரின்தான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் கார்ட்ரிட்ஜ்? தண்ணீருக்காக. வாரம் ஒரு பேக்வாஷ் என்றாலே மச்சானுக்கு வருடத்துக்கு 35,000 லிட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு, பாசி வாரம் தனி. எனக்கு மாதம் 200 லிட்டர், பாசி வாரத்தில் ஒரு 2,000, அதோடு அந்தப் பாதிக் குளம். எல்லாம் சேர்த்தும் 27,000 தாண்டவில்லை. மாத்திரையை விட்டுவிட்டதால் அடுத்த வருடம் அந்த 22,500 வராது. கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று நம் இரண்டு மாவட்டத்துக்கும் நிலத்தடி நீரில் ஃபுளூரைடு என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்ப எனக்கு மனசு வராது. போர்வெல் கைவிட்டால் லாரித் தண்ணீர்தான்.

போர்வெல் தண்ணீரின் உப்பு கார்ட்ரிட்ஜையும் விடாது. மடிப்பில் வெள்ளையாகப் படியும். ஒரு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. ஆனால் நேராக ஆசிடில் போட்டுவிடாதீர்கள். எண்ணெயும் பாசியும் இருக்கும்போது ஆசிட் பட்டால் அழுக்கு துணியிலேயே இறுகிவிடும். முதலில் கார்ட்ரிட்ஜ் கிளீனரில் ஒரு இரவு ஊறவைத்து, நன்றாக அலசி, பிறகுதான் ஆசிட். பிளாஸ்டிக் டிரம்மில் 20 பங்கு தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் ஒரு பங்கு ஆசிட். கையுறை கட்டாயம். குளோரின் பக்கத்தில்கூட இருக்கக் கூடாது, இரண்டும் கலந்தால் வருவது விஷவாயு.

கார்ட்ரிட்ஜ் வாங்குவதாக இருந்தால் இரண்டு செட்டாக வாங்குங்கள். ஒன்று ஊறும்போது மற்றது ஓடும். பாசி வாரத்தில் இரண்டாவது செட் இல்லாமல் நான் பட்ட பாடு போதும்.

வாரக் கடைசியில் மட்டும் தோட்டத்துக்கு வருகிறவர்கள், காவல்காரரை நம்பிக் குளத்தை விட்டுப் போகிறவர்கள் மணல் ஃபில்டரே வைக்கலாம். வால்வு திருப்பச் சொல்லிக் கொடுப்பது சுலபம். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வாய்க்கால் பாயும் பக்கம் கிணற்றில் தாராளமாகத் தண்ணீர் இருப்பவர்களோடும் நான் வாதாட மாட்டேன். மச்சான் மணலை மாற்றப் போவதில்லை. பேக்வாஷ் தண்ணீரை மட்டும் ஒரு தொட்டியில் பிடித்து, குளோரின் போகும்வரை வெயிலில் நிறுத்தி, தென்னைக்கு விட ஆரம்பித்திருக்கிறார்.