வீட்லயே செராமிக் கோட்டிங், கண்ணாடிக்குத்தான் முழு மார்க்

கிட்ல வர்ற சின்ன பாட்டில் செராமிக் கோட்டிங்க (பெயின்ட் மேல மெல்லிசா படிஞ்சு காயுற பாதுகாப்பு திரவம்) நானே காருக்குப் போட்டேன், பெயின்ட் மேல தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடுறத பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி கழுவி, க்ளே பார் (ஒட்டிக்கிட்ட அழுக்க எடுக்கற களிமண் மாதிரி கட்டி) தேச்சு, பாலிஷ் போட்டு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல தொடச்சு எடுக்கவே ஒரு நாள் முழுசா போயிடுச்சு, இத விட்டீங்கன்னா பழைய கீறலெல்லாம் அப்படியே உள்ள மாட்டிக்கும். நிழல்ல நிறுத்தி சின்ன சின்ன பகுதியா போடுங்க, வானவில் கலர் தெரிஞ்சதும் மைக்ரோஃபைபர் துணியால தொடச்சிடணும், பானெட்ல நான் லேட் பண்ணிட்டேன், திட்டு திட்டா காஞ்சு மறுபடி பாலிஷ் போட்டுதான் எடுத்தேன். 24 மணி நேரம் தண்ணி படக்கூடாது. முன் கண்ணாடிக்குப் போட்ட கோட்டிங்தான் நெஜமாவே அருமை, மழைல வேகமா போனா வைப்பரே பெருசா தேவைப்படல. கல்லடிக்கெல்லாம் இது தாங்காது, அதுக்கு பிபிஎஃப்தான் (பெயின்ட் மேல ஒட்டுற பாதுகாப்பு ஃபிலிம்) ஒட்டணும்.